வடசேரியும் தென்சேரியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள மேட்டில் நின்று நோக்குவார்க்கு வடக்கும் தெற்கும் ஒருங்கே மனத்தில் தோன்றும். வடபால் நிலாவெளி, குச்சவெளி எனக் கடற்கரை நீண்டு முல்லைத்தீவை நாடிச் செல்கிறது. தென்பால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரும், அதனையும் கடந்தால் மட்டக்களப்புக்குச் செல்லும் வழியும் உள்ளன. இந்த இடைநிலத்திலே ஆசிரியத் தொழில் புரிபவர்களுக்கு, இருபுறத்தாருடைய பெருமைப் பேச்சும் நாள்தோறும் செவியில் விழுவது இயல்பு.

யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பாரைப் பற்றி, “அங்கே போனவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்” என்பர். போனவர் திரும்பாமைக்கு மந்திரமே காரணம் என்பது அவர்கள் வாதம். மட்டக்களப்பாரோ, “மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, எங்கள் வாவி மீனும், எருமைத் தயிரும், விருந்தோம்பலுமே அவரைப் பிடித்து வைத்தன” என்று விடையிறுப்பர். அத்தோடு விடாமல், யாழ்ப்பாணத்தாரைப் ‘பனங்கொட்டை சூப்பிகள்’ என்று அழைத்துக் கடனையும் தீர்த்துக்கொள்வர். அவர்களோ, “ஆம், பனை கற்பித்த சிக்கனமே எங்களைப் படிப்பித்தது” என்று அதனையும் ஒரு விருதாக ஏற்பர். கேட்போர் சிரிப்பர், சொன்னோரும் சிரிப்பர்.

இத்தகைய போட்டி எப்பொழுது இனிக்கும், எப்பொழுது கசக்கும் என்பதே இன்று நான் உங்களோடு சிந்திக்க விரும்பும் பொருள். இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் கிழக்கிலங்கையிலே, கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஒரே ஊரார் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரிவர். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை எள்ளிப் பாடுவர். வீ. சி. கந்தையா அவர்கள் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல், அப்பகுதி மக்களின் இத்தகைய மரபுகளை நமக்குப் பேணித் தந்திருக்கிறது.

இவ்விளையாட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கொம்பு தனியாக நின்றால் அது வெறும் மரத்துண்டு. மற்றக் கொம்பு வந்து மாட்டினால்தான் அதன் வலிமை வெளிப்படும். வடசேரி இல்லையேல் தென்சேரிக்கு வெற்றியும் இல்லை. அன்றியும், எக்கொம்பு முறிந்தாலும் விழா ஒன்றே. மழையும் நோயின்மையும் வேண்டிக் கைகூப்பும் வாசலும் ஒன்றே. ஆனால் எள்ளற்பாட்டு எல்லை கடந்து கைகலப்பாக முடிந்த இடங்களும் உண்டு. அங்கே முறிந்தது கொம்பு மட்டுமன்று. ஊரின் ஒற்றுமையும் முறிந்தது.

கூத்திலும் இதே திசைப்பெயர்களைக் காண்கிறோம். மட்டக்களப்பு நாட்டுக்கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் இதிகாசக் கதைகளைக் கொண்டு போரில் முடியும்; தென்மோடி பெரும்பாலும் காதற் கதைகளைக் கொண்டு மணத்தில் முடியும். வடமோடியார் தம் ஆட்டத்தின் மிடுக்கைச் சொல்வர். தென்மோடியார் தம் தாளக்கட்டின் நுணுக்கத்தைச் சொல்வர். ஒன்றை ஒன்று வெல்ல முயன்றதாலேயே இரண்டும் வளர்ந்தன எனலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே இக்கலைக்கு மறுவாழ்வு தந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். வடமோடியில் ‘கர்ணன் போர்’ 1962 இலும், தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’ 1963 இலும் அவர் முயற்சியால் மேடையேறின. அவரோ யாழ்ப்பாணத்தவர், அவர் எடுத்துப் போற்றியதோ மட்டக்களப்பின் செல்வம். அவரிடம் பயின்ற மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் அக்கலையின் பேரறிஞராக விளங்கினார்.

இனி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தெற்கிலிருந்து வந்த பிள்ளை ‘மறுகா’ என்கிறது. வடக்கிலிருந்து வந்த பிள்ளை ‘பேந்து’ என்கிறது. இரண்டுக்கும் பொருள் ‘பிறகு’ என்பதே. ‘பேந்து’ என்பது ‘பெயர்ந்து’ என்பதன் மரூஉ. ‘மறுகா’ என்பதில் ‘மறு’ என்னும் பழஞ்சொல் உயிரோடு இருக்கிறது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில், பேச்சுத் தமிழ் வகைகளுள் மட்டக்களப்புத் தமிழே இலக்கியத் தமிழுக்கு மிக அணித்தானது என்று மதிப்பிட்டார். இவ்வாறிருக்க, வகுப்பிலே ஒரு பிள்ளை ‘மறுகா’ என்றதும் மற்றைய பிள்ளைகள் நகைப்பார்களாயின், அப்பிள்ளை அடுத்த முறை கை உயர்த்தாது. கேட்க வேண்டிய ஐயத்தையும் கேளாது. போட்டியில் எதிராளி வாய் திறக்க அஞ்சும் அந்தக் கணத்தில், விளையாட்டு முடிந்து இழிவுபடுத்தல் தொடங்கிவிடுகிறது. ஆசிரியரும் பெற்றோரும் காண வேண்டிய எல்லைக்கோடு அதுவே.

அக்கோட்டைக் கடந்தோர் உளர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் மானிப்பாய் இந்துக் கல்லூரியிலும் எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராக இருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் அவர் தந்த யாழ் நூலை எப்பகுதியார் தமக்கே உரியதென்று பூட்டி வைக்க முடியும்?

நேயர்களே, இந்நாட்டில் ‘வடக்கு’, ‘தெற்கு’ என்னும் சொற்கள் 1983 முதல் 2009 வரை போரின் இருமுனைகளையே குறித்து நின்றன. அதனால்தான் கொம்பு விளையாட்டை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. சிங்கள மக்களிடையிலும் பத்தினித் தெய்வத்தின் பெயரால் ‘அங்கெளிய’ என்னும் கொம்பிழுப்பு உண்டு. அங்கும் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என இரு கட்சிகள். ஒன்று கோவலனுடையது, மற்றது பத்தினியுடையது. ஒரே தெய்வத்தின் முன் ஒரே விளையாட்டை இருமொழியாரும் ஆடி வந்திருக்கின்றனர். இதனைப் பாடநூலில் ஒரு பக்கமாவது நம் பிள்ளைகள் படிக்கட்டும்.

ஊர்ப்பற்று வேண்டும், ஊரைப் பாராட்டிப் பேசும் நாவும் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பனையைப் பாடட்டும். மட்டக்களப்புப் பிள்ளை வாவியைப் பாடட்டும். எங்கள் பிள்ளை கோணேசர் மலையைப் பாடட்டும். ஒருவர் பாடும்பொழுது மற்றவர் செவி கொடுக்கவும் வேண்டும். கொம்பு முறியலாம், வடம் அறலாகாது.