பாடம் வகுப்போர்க்கு மேற்படிப்பு எதற்கு?



பாடங்களை வகுத்தமைப்பது இன்று தனித்தொழிலாகிவிட்டது. கணினியைக் கையாளத் தெரிந்தாற் போதாதா, பட்டமேற்படிப்பு எதற்கு என்று சிலர் வினவுகின்றனர்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்துக்காகப் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பயிற்சியமைப்புக்கு ஐந்து படிகள் வகுத்தனர். அவற்றுள் முதலாவது ஆராய்தல். படிவம் குழப்பமாயிருப்பதால் எழுதுவினைஞர் பிழைவிட்டால், அவருக்குப் பாடம் புகட்டிப் பயனென்ன? படிவத்தையன்றோ திருத்தவேண்டும்! கணினி பாடத்தை அழகாக்கும். அப்பாடம் வேண்டியதுதானா என்று கேட்கக் கற்பிப்பது மேற்படிப்பேயாகும்.

ஆதலின் இளைஞர்களே, முதலிற் சில காலம் தொழில் செய்யுங்கள். அங்கு விடைகாணாத வினாக்களோடு பல்கலைக்கழகம் செல்லுங்கள். வினாவின்றிச் செல்பவர் பட்டத்தோடு மீள்வர். வினாவோடு செல்பவர் தொழிலிலும் வளர்ந்து மீள்வர். பெரியோர்களே, பட்டத்துக்காக மட்டும் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.