பழைய வீடும் புதிய தேவையும்
(ஜூபிலி விழாவில் நிகழ்த்திய உரை)



காவிரிக் கரையிலுள்ள நம் பள்ளிபாளையத்தில், பழைய ஓட்டு வீடு வைத்திருப்போர் இல்லங்களில் எழும் வழக்கு நாம் அறிந்ததே. "அப்பா கட்டியது, கை வைக்காதே" என்பார் பெரியவர். "தறி போட இடம் வேண்டும், பிள்ளைக்கு அறை வேண்டும்" என்பார் மகன். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. வீட்டை மாற்றுவது குற்றமன்று. எதை வைத்து எதை மாற்றுகிறோம் என்பதே கேள்வி.

இதற்குக் கொழும்பு நகரில் இரண்டு வீடுகள் விடை சொல்கின்றன. இரண்டும் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) கைவண்ணம்.

முதலாவது, அவருடைய சொந்த வீடு. ஒரு சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் மூன்றாவதில் 1958-இல் குடிபுகுந்தார். பின்னர் நான்காவதையும், பத்தாண்டுகள் கழித்து மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். ஒரு பக்கம் மாடியும் எழுப்பினார். ஆயினும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சிறு முற்றங்களை விட்டுவைத்தார். அங்கே சிறு குளத்தருகே நிற்பவை நம் செட்டிநாட்டுப் பழந்தூண்களே!

இரண்டாவது, 1960–62-இல் எனா டி சில்வா என்னும் கைவினைக் கலைஞருக்கு அவர் கட்டிய முற்றத்து வீடு. 2009 அளவில் மனை கைமாறவே, வீடு அழியும் நிலை வந்தது. பாவாவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் அதை அளந்து, ஓடு, தூண், கதவுகளுக்கு எண்ணிட்டுப் பிரித்து, பெந்தோட்டை அருகே லுணுகங்கையில் மீண்டும் எழுப்பினர். 2016-இல் அப்பணி நிறைவுற்றது.

அத்தனை செலவு நமக்குத் தாங்காது. ஆனால் ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்ற நம்மால் முடியும். அது ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால் கைமரமே இற்றுப்போகும். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவோம். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் பொரிந்துவிடும். இடித்தே ஆகவேண்டுமாயின், முதலில் அளந்து, படமெடுத்து, நல்ல கதவையும் நிலையையும் புது வீட்டுக்கென எடுத்துவைப்போம். முற்றத்தை அடைக்குமுன் வெளிச்சம் எந்த வழியாக வரும் என்று கேட்போம்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டை யார் கட்டினார், யார் எதை மாற்றினார், எந்த ஆண்டில் பழுது பார்த்தோம் என்று எழுதத் தொடங்குவோமாக. பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். அப்போது பெரியவரின் சொல்லும் நிலைக்கும், மகனுக்கு அறையும் கிடைக்கும்.