எண்ணும் சின்னமும்

கைத்தொலைபேசித் திரையின் மேல்மூலையில் விளங்கும் மின்கலச் சின்னம் சிறியதாயினும், மக்கள் நாள்தோறும் பன்முறை நோக்கும் அடையாளமாகும். 2017இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் எக்ஸில், திரையின் மேல்விளிம்பை ஒளிப்படக் கருவிக்கான வெட்டு கவர்ந்துகொண்டமையால், சின்னத்தின் அருகே நின்ற நூற்றுவீத எண் மறைந்தது. அதனைக் காண விரும்பியோர் மேல்மூலையிலிருந்து விரலால் கீழ்நோக்கி இழுக்க வேண்டியதாயிற்று.

2022 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 16, பல மாதிரிகளில் அவ்வெண்ணைச் சின்னத்தின் உள்ளேயே மீட்டளித்தது. வேண்டுவோர் அதனைத் தெரிவுசெய்யலாம். ஆயினும் புதியதொரு முரண் எழுந்தது. எண் ஐம்பது என்று கூற, சின்னமோ நிறைகலமாய்த் தோன்றியது. வடிவத்தை மட்டும் நோக்குவோர் ஏமாற நேர்ந்தது. அடுத்த மாதமே 16.1 பதிப்பு அக்குறையைக் களைந்தது. எண்ணோடு சின்னத்தின் நிறைவும் குறையலாயிற்று.

அவ்வெண்ணும் நாழியால் முகந்தறிந்த அளவன்று. மின்னழுத்தம், மின்னோட்டம் முதலியவற்றிலிருந்து கணிக்கப்படும் மதிப்பீடே. ஆதலின், எண்ணும் வடிவமும் ஒன்றையே உரைத்தல் இன்றியமையாதது. நள்ளிரவில் வைத்தியரை அழைக்க முற்படுவோர்க்கு, உண்மை கூறாத சின்னம் அழகாயிருந்தென்ன பயன்?