லயத்துக் கூரையும் சட்டத்தின் சொல்லும்

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் மலைப்பாதையில், பெரியாற்றங்கரையில் அமைந்த ஊர் வண்டிப்பெரியார். கம்பம், கூடலூர் வழியாகச் சபரிமலை சென்றவர்கள் அதனைக் கடந்திருப்பர். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே தேயிலை பறிக்கின்றனர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது பீருமேடு தாலுகா கேரளத்தில் அமைந்தது. வெளிமாநிலத் தமிழர் என்ற முறையில் அவர்களும் நாமும் ஓரினமே.

அவர்களுக்கென்று இயற்றப்பட்டது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 1954 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. குடிநீர், மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் ஆகியவற்றோடு, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்றும் அச்சட்டம் விதித்தது. பிற தொழில்களில் காணற்கரிய ஏற்பாடு இது.

மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரியும் நாம், இவ்விதியைக் 'குடியிருப்பு வசதி' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். தோட்டத்தில் அதற்கு வழங்கும் பெயர் லயம். ஒரே நீளக் கூரையின்கீழ், சுவரோடு சுவராக வரிசையாய் அமைந்த சிற்றறைகள் அவை. 'வசதி' என்னும் சொல் அங்கே சற்றுக் கூச்சத்தோடுதான் நிற்கிறது!

கூரை வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பதே இதில் பெருஞ்சிக்கல். பணி ஓய்வு பெற்றவர் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். செல்வதற்கோ வேறிடம் இல்லை. கையில் வரவேண்டியவற்றுள் ஒன்று பணிக்கொடை. அதாவது, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உரிமை அது. முப்பது நாளுக்குள் தரவேண்டும். தவறினால் வட்டி உண்டு. ஆனால் தோட்டமே நொடித்துவிட்டால்? 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேட்டுப் பகுதியில் சில தோட்டங்கள் கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நின்றன. தொழிலாளரோ லயத்திலேயே தங்கினர். பழுது பார்க்க முதலாளி இல்லை. தம்முடையதல்லாத வீட்டைச் செப்பனிடத் தொழிலாளிக்கு வகையுமில்லை.

1981-இல் சட்டம் திருத்தப்பட்டு, வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்றாயிற்று. இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் அப்பொறுப்பு இல்லை என்ற விலக்கும் உடன் வந்தது. அவ்விலக்கை நாம் ஏற்கத் தயங்குகிறோம். 2020 ஆகஸ்டில் இதே இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி, எழுபது பேரைக் கொண்டுபோயிற்று. மழை இயற்கையுடையதே. மலைச்சரிவின் கீழ் லயம் கட்ட இடம் தேர்ந்தவர் மனிதரன்றோ?

உரிமை தானாக வருவதில்லை என்பதை மூணாற்றுப் பெண்கள் 2015 செப்டம்பரில் காட்டினர். இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்ட போனசுக்காக, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். அப்போது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். இருபது விழுக்காடு மீண்டும் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ஆயிற்று.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் நான்கு புதிய தொகுப்புகளுக்குள் அடங்கின. தோட்டத்து வீடும் காப்பகமும் அவற்றிலும் இடம்பெற்றுள்ளன. முதலாளி விரும்பினால் ஊழியர் காப்பீட்டு மருத்துவத்தில் தோட்டத்தைச் சேர்க்கவும் வழியுண்டு. ஓய்வுக்குப் பின் சொந்தக் கூரை என்பது மட்டும் இன்னமும் மாநிலத்தின் வீட்டுத் திட்டங்களை நம்பியே இருக்கிறது.

மற்றொன்று, உங்களுக்கும் பயன்படுவது. குறை தீர்க்கும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. எனவே பணிக்கொடை நிலுவைக்காகத் தோட்டத் தொழிலாளி தமிழில் எழுதலாம். சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, இறுதிக் கூலி மூன்றையும் குறித்து, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுக.