மைதானத்தில் எழுதிய எழுத்து



பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் இசைக்காக வெளிநாடு போனால் அதில் புதுமை இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் எங்கள் ஊர் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழு வாசித்ததை உலகமே கேட்டது. நானும் என் குடும்பமும் கடல் தாண்டியது அவ்வளவு பெரிய காரியத்துக்காக இல்லை. மகளைப் பார்க்கப் போனோம், போன இடத்தில் ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் பார்த்தோம். ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை. அங்கே கேட்ட பேண்டு வாத்தியம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மகள் படிப்பது ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில். அக்டோபர் மாதம், நல்ல குளிர். நான், மனைவி, எண்பதை நெருங்கும் என் அம்மா, மகள் என்று நாலு பேரும் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்குக்குப் போனோம். 1922இல் திறந்த அரங்கம் அது. குதிரை லாட வடிவில் கட்டியிருப்பதால் லாடம் என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். எல்லாரும் செந்நிறச் சட்டை. கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெயர் ஃபுட்பால் என்றாலும் காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். அறுபது நிமிட ஆட்டம் நின்று நின்று மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும். அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன்பு அரங்கின் ஒரு முனையில் உள்ள சரிவுப் பாதையிலிருந்து முரசு ஒலி கிளம்பியது. நிமிடத்துக்கு 180 அடி. முதலில் மேளக்காரர்கள், பின்னால் வரிசை வரிசையாக ட்ரம்பெட்டும் மற்ற பித்தளை ஊதுகருவிகளும். தொடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஓடிவந்தார்கள். குழுவை நடத்திவந்த டிரம் மேஜர் முதுகை வில்லாக வளைத்து, தொப்பியின் இறகு பின்பக்கம் தரையைத் தொடும்படி சாய்ந்து நிமிர்ந்தார். அம்மா என் கையைப் பிடித்தார். "வாசிக்கிறவன் ஓடவும் செய்யிறானேப்பா, மூச்சு எங்கிட்டு இருந்து வருது?"

சரியான கேள்வி. இந்தக் கலையின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கிறது. பேண்டு வாத்தியம் நமக்கு அந்நியமில்லை. ராயப்பன்பட்டித் தேர்பவனியிலும் கல்யாண ஊர்வலங்களிலும் பேண்டு செட் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கும் அமெரிக்கப் பேண்டுக்கும் தாய்வீடு பட்டாளம்தான். ஆனால் நம் ஊரில் பேண்டு செட் தெருவோடு நடந்து போகும். அங்கே மைதானமே தாளாகிவிடுகிறது. ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். அந்த அளவு காலில் ஊறியிருக்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாது, உதட்டில் ஊதுகருவி இருக்கிறது. எழுதி வைத்த சுரம் தவறக்கூடாது, பக்கத்தில் நடப்பவரின் வரிசையும் தவறக்கூடாது.

அதைவிடக் கடினம் ஒன்று உண்டு. தாளம் தெரிந்த நேயர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். மைதானத்தின் நீளம் நூறு கஜம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கக் கால் நொடிக்குச் சற்று மேலாகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் அது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள நேரத்தில் பாதிக்கும் அதிகம். இந்தக் கோடியில் இருப்பவர் அந்தக் கோடி ட்ரம்பெட்டைக் கேட்டு வாசித்தால் பாட்டு சிதறிப் போகும். அதனால் அவர்கள் காதை அடக்கிக் கண்ணை நம்புகிறார்கள். நடத்துபவரின் கை அசைவே தாளம். கேட்டுக் கேட்டே தாளம் பழகிய நமக்கு இது தலைகீழான பயிற்சி.

பிறகு அந்த எழுத்து. மாநிலத்தின் பெயரான ஓஹியோ என்ற சொல்லை ஆங்கிலக் கூட்டெழுத்தில் மைதானத்தில் நடந்தே எழுதுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக, எறும்புச் சாரையைப் போல வளைந்து, தம் வரிசையையே குறுக்கே வெட்டிக் கடந்து, பழைய பிரெஞ்சுப் படைநடைப் பாட்டு ஒன்றை வாசித்தபடி எழுதுகிறார்கள். 1936 அக்டோபர் 24 அன்று தொடங்கிய வழக்கம் இது. நடுவில் வரும் ‘ஐ’ என்ற எழுத்துக்குத் தலையில் புள்ளி வேண்டும். தொடக்கத்தில் கார்னெட் என்ற சிறு ஊதுகருவி வாசிப்பவர் ஒருவர் புள்ளியாக நின்றார். பிறகு அந்த இடம் சூசாபோன் வாசிப்பவருக்குப் போயிற்று. சூசாபோன் என்பது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் கொம்பு, பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஜான் பிலிப் சூசா என்ற இசையமைப்பாளரின் பெயரைத் தாங்கியது. எப்போதும் பின்னால் நின்று ஆதார ஒலி கொடுப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் முன்னால் வரும் உரிமை. டிரம் மேஜரோடு அவர் துள்ளி நடந்து வந்து எழுத்தின் உச்சியில் நின்று, தொப்பியைக் கழற்றி இரு பக்கமும் குனிந்து வணங்கினார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் மொழிக்காரர்கள் நாம். ஒரு புள்ளிக்கு லட்சம் பேர் எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. "சாமி வர்ற நேரத்துல மேளம் ஏறுமே, அப்படியில்ல ஏறுது" என்றார் அம்மா. வீரபாண்டித் திருவிழாவில் சிறு வயதிலிருந்து நின்று கேட்டவர் அவர்.

குறையும் சொல்ல வேண்டும். திறந்த அரங்கில் ஒலி சிதறுகிறது. ஓரத்தில் உட்கார்ந்த எங்களுக்குக் கீழ்ச்சுரங்கள் மங்கித்தான் கேட்டன. இடைவேளையில் வாசித்த பாடல்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டுகள். உருவங்கள் மாறுவதில் கண் போய்விடுவதால் இசை எளிமையாகிவிட்டதை யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட, அந்த நேரத்தில் பிறக்கும் கற்பனைக்கு அங்கே இடமே இல்லை. நையாண்டி மேளத்தில் தவில்காரர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடியை மாற்றுவார், கூட்டத்தைப் பார்த்து நடையை ஏற்றுவார். உருமி இழுத்து உறுமும்போது பம்பை அதற்குப் பதில் சொல்லும். அந்த உரையாடல் அங்கே கிடையாது. கலை என்ற அளவில் நம் மேளமே ஆழமானது என்று தயங்காமல் சொல்வேன்.

அமெரிக்காவிலேயே கறுப்பின மாணவர்களின் பல்கலைக்கழகங்களில் இந்தப் பேண்டு வேறு உருவம் எடுத்திருக்கிறது. புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் வில்லியம் ஃபாஸ்டர் வளர்த்த குழு, 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காகப் பாரிஸ் வீதியில் வாசித்தது. ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். முரசோடு உடம்பும் ஆடுகிறது. நம் பறைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று தோன்றியது.

ஆனால் ஒன்றில் அமெரிக்கர்கள் நம்மைவிட உயர்ந்து நிற்கிறார்கள். அது வாசிப்பவருக்குத் தரும் இடம். கொலம்பஸ் குழுவில் இருநூறு பேருக்கு மேல். பலர் பொறியியலும் மற்ற பாடங்களும் படிப்பவர்கள். 1973 முதல் பெண்களும் உண்டு. மாற்று ஆட்களாக இருப்பவர்கள் நிரந்தர இடத்துக்காக வாராவாரம் போட்டியிட்டு வாசித்துக் காட்டுகிறார்கள். அந்த இடம் கிடைத்தால் வீட்டுக்கே பெருமை. இங்கே? ஊர்வலத்தில் முன்னால் நடக்கும் மேளக்காரருக்குப் பந்தியில் இலை கடைசியில்தான் விழுகிறது. உருமி அடிக்கத் தெரிந்த பையன் கல்லூரியில் சேர்ந்ததும் அதைச் சொல்லக் கூசுகிறான். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலை ஏறிப் போய்த் திறந்த வெளியில் ஜனங்களுக்கு முன் பாடிய, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனின் ஊரிலிருந்து இதைச் சொல்கிறேன். கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும் கலை இந்தப் பள்ளத்தாக்கில் எப்போதும் இருந்திருக்கிறது. அதற்கு மைதானத்தின் நடுவே ஓர் இடம்தான் இல்லை.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவில் இடைவேளையின்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை இருபது நிமிடம் நிறுத்தி வையுங்கள். உங்கள் மாணவர்களில் தவிலும் உருமியும் பறையும் தெரிந்தவர்களைத் தேடுங்கள், இருப்பார்கள். அவர்களுடைய அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்தே அழையுங்கள். மைதானத்தின் ஓரத்தில் அல்ல, நட்ட நடுவில் நிறுத்துங்கள். வாசித்து முடித்ததும் முதல் பந்தியில் அவர்களுக்கு இலை போடுங்கள்.