மனைவியின் சொத்தும் கணவரின் கடனும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தந்தைவழிப் பங்காகப் பெற்ற வீட்டை விட்டு மணமான பெண்ணொருவர் மவுத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து, "வீட்டை விற்று எங்கள் பாக்கியைத் தாருங்கள்" என்கின்றனர். பிள்ளைகளோ, "இது எங்கள் தாயாரின் சொத்து" என்கின்றனர். இரு தரப்பாரும் நம் மஹல்லாவினரே. நாம் எவ்வாறு தீர்ப்பது?

நிக்காஹ்வினால் மனைவியின் சொத்து கணவருடையதாகிவிடுவதில்லை. ஆகவே அவர் பட்ட கடனுக்கு அவ்வீடு ஈடாகாது. மனைவி தாமே ஜாமீன் நின்றிருந்தாலோ, வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்திருந்தாலோ மட்டும் நிலை வேறு.

அவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்து அவருடைய சொந்தக் கடன், பின்னர் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு. திருக்குர்ஆன் 4:11, 12 வசனங்களில் வஸிய்யத் முன்னே கூறப்பட்டிருப்பினும், நிறைவேற்றுவதில் கடனே முந்தியது என்பது உலமாக்களின் ஒருமித்த முடிவு.

சொத்தின் மதிப்பு 14 லட்சம், அவருடைய கடனும் அடக்கச் செலவும் 2 லட்சம், வஸிய்யத் இல்லை எனக் கொள்வோம். எஞ்சிய 12 லட்சத்தில் கணவருக்குக் கால் பங்கான 3 லட்சம். பெற்றோர் உயிருடன் இல்லையெனில் மகனுக்கு 6 லட்சம், மகளுக்கு 3 லட்சம். கணவரின் கடன்காரர்கள் கேட்கக்கூடியது அவருடைய 3 லட்சத்தை மட்டுமே. பிள்ளைகளின் 9 லட்சத்தைத் தொட எவருக்கும் உரிமையில்லை. அதேபோல், கணவர் தம் 3 லட்சத்தை ஒளித்துக் கடன்காரரை ஏமாற்றவும் அனுமதியில்லை.

கொடுக்கப்படாத மஹரும், திருப்பித் தருவதாகக் கூறி மனைவியிடம் வாங்கி அடகு வைத்த நகையும் கணவர் மீதுள்ள கடன்களே. அவையும் மனைவியின் சொத்துக் கணக்கில் சேர வேண்டும். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இறந்தவரின் சொந்தக் கடன் பற்றியும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. 1885இல் ஜாஃப்ரி பேகம் வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. மரணித்தவுடனேயே சொத்து வாரிசுகளைச் சேர்கிறது; கடன் இருப்பதால் அது தடைப்படுவதில்லை; ஒவ்வொரு வாரிசும் தம் பங்கின் அளவுக்கே பொறுப்பாளி என்று நீதிபதி சையத் மஹ்மூத் விளக்கினார்.

சகோதரர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்போம். ஜனாஸா வேளையில் மையித்தின் கடன்களைக் கேட்டறிந்து பொறுப்பேற்போம். கடன்காரரின் ஹக்கும் அநாதைகளின் ஹக்கும் ஒன்றையொன்று விழுங்காமல் காப்பது நம் அனைவர் மீதும் கடமை. அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.