பிள்ளைகள் படம் பார்க்கப் போகட்டும்

(தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவும் பெற்றோரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. துவைக்கத் துணி கிடக்கும், விறகுக்குப் போக வேண்டும், கடைக்கும் போக வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைய நிகழ்ச்சி நிரலில் சம்பளம் இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது. நடுவிலே "பிள்ளைகள் தியேட்டருக்குப் போவது" என்று ஒன்று இருப்பதைப் பார்த்துச் சில அண்ணன்மார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கேட்டு முடித்த பிறகும் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் எங்களிடம் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. "சேர், நாங்க ஆறு பேர் டவுனுக்குப் போய் ஒரு படம் பாத்துட்டு வரட்டுமா? வீட்டுல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள். பதினொரு வருஷம் படித்து, பரீட்சை எழுதி முடித்து, கேட்பது ஒரே ஒரு படம்.

வீட்டில் கிடைக்கும் பதில் இரண்டு விதம். பையனாக இருந்தால், "போ, இருட்டுறதுக்குள்ள வந்துரு." பெண் பிள்ளையாக இருந்தால், "பெரியவங்க யாராவது கூட வந்தா போ." அந்தப் பெரியவர் யார்? அம்மா ஆறு நாள் மலையில் நிற்கிறார், ஏழாவது நாள் வீட்டு வேலையில் நிற்கிறார். அப்பாவுக்குக் கவ்வாத்து முடிந்தால் தோட்டத்துக்கு வெளியே கைக்காசு வேலை. அக்காவுக்குக் கைக்குழந்தை. ஆகவே "பெரியவங்க வந்தா போ" என்பதற்கு எங்கள் தோட்டங்களில் ஒரே அர்த்தம்தான்: போகாதே.

பயம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அது பொய்யான பயமும் இல்லை. நெரிசலான பஸ்ஸில் கை வைக்கிறவன் இருக்கிறான். தியேட்டர் இருட்டில் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறவன் இருக்கிறான். தெரியாமல் படம் பிடித்துப் போனில் பரப்புகிறவன் இருக்கிறான். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் மேல்பிரிவுக்கு நடந்துதான் ஏற வேண்டும். பனி இறங்கிவிட்டால் பாதை தெரியாது, தேயிலைக்குள் சிறுத்தை வேறு நடமாடுகிறது. இதற்கெல்லாம் மேலே லயத்துப் பேச்சு. "யாரோட மகள் யாரோட போனாளாம்" என்று பீலிக்கரையில் ஒருவர் ஆரம்பித்தால் கடைசிக் காம்பிராவுக்குப் போவதற்குள் அது கல்யாணக் கதையாகிவிடும். பெற்றோர் பயப்படுவதில் பாதி பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்காக, மீதி பக்கத்து வீட்டார் என்ன சொல்வார் என்பதற்காக. இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி கேட்கிறோம். முதல் பயத்துக்கு ஏற்பாடு செய்யலாம். இரண்டாவது பயத்துக்காகப் பிள்ளையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு கணக்கு. இதே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை ஒரு தரகர் வந்து கேட்கிறார். "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு, தங்க இடம், மாசச் சம்பளம்" என்கிறார். எத்தனை வீடுகளில் பிள்ளை பஸ் ஏறியிருக்கிறது? கூட எந்தப் பெரியவர் போனார்? அந்த வீட்டுக் கதவு எப்படிப் பூட்டப்படும், பிள்ளை எங்கே படுக்கும், கையில் போன் இருக்குமா என்று யார் கேட்டார்? 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அதே வருஷம் ஜூலை மாதம், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை ஒருவர் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்து போனார். மலையகமே தெருவில் இறங்கி நியாயம் கேட்டது. நாமும் பதாகை பிடித்தோம்.

அந்தப் பிள்ளைகள் போவது வறுமையால் என்பது நமக்குத் தெரியும். பெற்றோரைக் குற்றம் சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள். பகல் நேரத்தில், ஐந்து சிநேகிதிகளோடு, பக்கத்து டவுனுக்குப் போய் மூன்று மணி நேரத்தில் திரும்பி வருவது ஆபத்து என்கிறோம். நூறு மைல் தள்ளி, முகம் தெரியாத வீட்டில், தனியாக, மாதக்கணக்கில் இருப்பது பிழைப்பு என்கிறோம். உழைக்கப் போனால் பெரிய பிள்ளை, படம் பார்க்கக் கேட்டால் சின்னப் பிள்ளை. இந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

இன்றைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வருஷத்தில் நம் பிள்ளைகள் வெளியே போகத்தான் போகிறார்கள். கார்மென்டுக்கு, கடைக்கு, கல்வியியற் கல்லூரிக்கு, பல்கலைக்கழகத்துக்கு, வெளிநாட்டுக்கு. பஸ் நேரம் பார்க்க, கைக்காசைப் பிரித்து வைக்க, ஒருத்தன் தொந்தரவு செய்தால் சத்தம் போட, பிரச்சினை என்றால் வீட்டுக்குப் போன் எடுக்க, இதையெல்லாம் அவர்கள் எங்கே பழகுவார்கள்? கொழுந்து எடுக்கப் புதிதாக வருகிறவரை முதல் நாளே செங்குத்து மலைக்கு ஏற்றுவதில்லை. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, லேசான நிரையில் விட்டுத்தான் பழக்குகிறோம். டவுன் தியேட்டர் அந்த லேசான நிரை. தவறினாலும் நாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம்.

இன்னொன்று. விடமாட்டோம் என்று சொன்னால் போகாமல் இருக்கிறார்களா? வகுப்பறையில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் உண்டு. சிநேகிதியின் வீட்டில் நோட்டு வாங்கப் போகிறேன் என்று போகிறவர் உண்டு. அப்படிப் போன பிள்ளைக்கு அங்கே ஒரு தொந்தரவு நடந்தால் வீட்டில் சொல்லுமா? சொன்னால் போனதே தெரிந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொள்ளும். தொந்தரவு செய்கிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைதான் வந்து சொல்லும்.

நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. மாசி மாதம் காமன் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி ஆட வந்தால் தோட்டத்தில் யார் தூங்குவார்? பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்றாலும் அப்படித்தான். தப்புச் சத்தம் கேட்டதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். ஆத்தா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், விடிய விடியக் கூத்து. "உன் கூட எந்தப் பெரியவர்?" என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிள்ளை தனியாக இருந்தது என்பதும் உண்மையில்லை. மாமா, சித்தி, மேல் லயத்துத் தாத்தா என்று தோட்டம் முழுக்கக் கண் இருந்தது. அந்தக் கண்ணைக் கொஞ்சம் நீட்டி டவுன் வரைக்கும் கொண்டு போவதற்கு ஒரு வழி சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டியில் நம் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். ஆனால் மண்டபத்தில் டிக்கட் எடுத்து உட்கார்ந்து ஒரு நாடகம் பார்த்த பிள்ளை எத்தனை பேர்? ஆகவே நாங்கள் தியேட்டர் என்று சொல்வதில் படமும் அடங்கும், டவுன் மண்டபத்தில் எப்போதாவது வருகிற நாடகமும் அடங்கும்.

"இதெல்லாம் சங்கத்து வேலையா?" என்று கேட்கலாம். சங்கத்து வேலைதான். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக என்று கேட்டு எழுந்ததுதான் மே தினம். அந்த மூன்றாவது எட்டு மணியை நாம் பெரிதாகக் கேட்டதே இல்லை. ஓய்வும் விளையாட்டும் கலையும் பிள்ளைகளின் உரிமை என்று ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயம் 31ஆம் உறுப்புரையில் சொல்கிறது. இலங்கை அதை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு இல்லாமல் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. கடன் கணக்கைக் காட்டி ஆளைக் கட்டிப் போட்ட அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. வெளியே போய்வரும் உரிமை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. அது பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிடைத்ததுதான்.

சரி, எப்படி அனுப்புவது? எங்கள் யோசனையைச் சொல்கிறோம். கூட்டித் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்.

வயது பதினைந்து, பதினாறுக்கு மேல் இருக்கட்டும். நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து போகட்டும். எந்தப் படம், யாருக்கானது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். வயது வந்தோருக்கு மட்டும் என்று போட்ட படத்துக்குப் போகக் கூடாது. பகல் நேரக் காட்சி மட்டும், மாலைக் காட்சி வேண்டாம். படம் முடியும் நேரத்தையும் திரும்பும் பஸ்ஸின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். குழுவில் ஒரு போனாவது சார்ஜோடு இருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ் காசை வேறாக முடிந்து வைக்க வேண்டும். அதில் ரோல்ஸ் வாங்கக் கூடாது.

டவுனில் நம் தோட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், கடையில் நிற்கிறவர், மருந்துக்கடையில் வேலை செய்கிற அக்கா. ஒவ்வொரு குழுவுக்கும் அப்படி ஒருவரின் பெயரும் நம்பரும் கையில் இருக்கட்டும். அவர் தியேட்டருக்குள் வர வேண்டாம். கூப்பிட்டால் வந்து நின்றால் போதும். மாலையில் பஸ் வந்து நிற்கும் சந்தியில் டோர்ச்சோடு ஒரு பெரியவர் நிற்க வேண்டும். குறுக்குப் பாதையில் யாரும் ஏறக் கூடாது. இந்த வாரம் ஒரு வீட்டார் நின்றால் அடுத்த முறை இன்னொரு வீட்டார்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியது இது. யாராவது தொட்டால் வெட்கப்பட வேண்டியது தொட்டவன். சத்தம் போடு, எழுந்து இடம் மாறு, தியேட்டர் ஆட்களிடம் சொல். யாரையும் தனியாக விட்டுவிட்டு வராதே. 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை மனப்பாடம் செய்துகொள். இதைப் பையன்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன்களுக்கும் இது நடக்கிறது. கூடவே, பஸ்ஸிலும் தியேட்டரிலும் அடுத்த பெண்ணிடம் நீ எப்படி நடக்க வேண்டும் என்பதையும் பையனுக்குச் சொல்ல வேண்டும். நம் மகளுக்குக் காவல் போட்டால் மட்டும் போதாது.

பெற்றோருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை பஸ்ஸை விட்டுவிட்டுப் போன் எடுத்தால், அந்த நேரத்தில் திட்டக் கூடாது. "எங்க நிக்கிற? யாரு கூட இருக்காங்க? அங்கேயே நில்லு" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரு முறை போனில் ஏச்சு வாங்கிய பிள்ளை, அடுத்த முறை போன் எடுக்காது.

காசு ஒரு பெரிய விஷயம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோதே அது போதாது என்று சொன்னவர்கள் நாம். கிலோ குறைந்து அரைப்பேர் விழும் வீட்டில் டிக்கட் காசும் பஸ் காசும் சின்னக் காசில்லை. மாதா மாதம் போகச் சொல்லவில்லை. தவணைக்கு ஒரு முறை போதும். பிள்ளைகளே சின்னச் சீட்டுப் போட்டுச் சேர்க்கட்டும். முடியாத பிள்ளைக்கு மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடட்டும். காசில்லை என்பதற்காக ஒருத்தியை விட்டுவிட்டு ஐந்து பேர் போகக் கூடாது. சந்தா கட்டி வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரியும்.

சங்கத்தின் பங்குக்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறோம். ஒன்று, பகல் காட்சி முடிந்து பிள்ளைகள் திரும்ப வசதியாக ஞாயிற்றுக்கிழமையிலும் மாலை பஸ்ஸை ஒழுங்காக ஓட்டும்படி பஸ் டிப்போவுக்கு எழுதுவது. அந்த பஸ் கிளினிக்குப் போய் வருகிறவருக்கும் உதவும். இரண்டு, பஸ் நிற்கும் சந்திக்கு மின்விளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு மனு கொடுப்பது. பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளைகளின் கையெழுத்தும் அந்த மனுவில் இருக்கட்டும். மனு எழுதவும் அவர்கள் பழகட்டும்.

கடைசியாக ஒன்று. பிள்ளை திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே "யார் யார் வந்தாங்க? யாரைப் பாத்த?" என்று விசாரணை வைக்க வேண்டாம். "படம் எப்படி?" என்று முதலில் கேளுங்கள். கதையைச் சொல்லவிடுங்கள். கதை சொல்கிற பிள்ளை மற்றதையும் சொல்லும்.

பரீட்சை எழுதிய ஆறு பேரின் பெயரும் எங்களிடம் இருக்கிறது. நான்கு பெண் பிள்ளைகள், இரண்டு பையன்கள். அடுத்த ஞாயிறு பகல் காட்சிக்குப் போக விரும்புகிறார்கள். அவர்களின் பெற்றோரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். சம்பள விஷயத்தை எடுப்பதற்கு முன்னால், மாலையில் சந்தியில் டோர்ச்சோடு நிற்கப் போவது யார் என்று கை உயர்த்திச் சொல்லுங்கள்.